படியில் ஊற்றிய நீர்

புரட்டாசி, பெங்களூரில் குரல் தாழ்த்தி வருகின்ற மாதம். ஆடிக் காற்றும் ஆவணித் தோரணமும் ஓய்ந்தபின், நகரமே ஏதோ நோன்பு பூண்டதுபோல் அடங்கிவிடும். காலை வெயில் தூங்குமூஞ்சி மரங்களின் உச்சியில் மெல்லப் படர்ந்து, கீழே இறங்கத் தயங்கி நிற்கும். உச்சிப்பொழுது கடந்ததும் வானத்தின் ஒரு மூலையில் கருமுகில் திரண்டு, இடி ஒன்றை நெஞ்சுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருக்கும். பெய்யுமோ பெய்யாதோ என்று எவரும் கேட்பதில்லை. பெய்தால் தலை குனிந்து நனைவார்கள். மகாளய பட்சத்துப் பதினைந்து நாளும் மல்லேஸ்வரத்து வீடுகளில் எள்ளும் நீரும் இறைக்கப்படும். புதுமனை புகுவாரில்லை, மணம் பேசுவாரில்லை. நாம் பிறருக்குச் செய்யத் தவறியவை யாவும் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வரட்டும் என்றே பஞ்சாங்கத்தில் ஒதுக்கிவைத்தாற்போன்ற நாட்கள் அவை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் புரட்டாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பத்ரிநாத் தன் குறும்படத்தின் கடைசிக் காட்சியை எடுப்பதற்காக ஆஸ்டின் டவுனில் ஒரு வீட்டு வாசலில் காத்திருந்தான். கேமரா முக்காலியில் ஏறி நின்றது. கதவைத் திறக்கவேண்டிய டோரீன் அம்மாள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, முகத்துக்குப் பவுடர் பூசி நாற்காலியில் அமர்ந்திருந்தார். கதவைத் தட்டவேண்டிய கோதண்டராமன்தான் வரவில்லை.

“தம்பி, வரலன்னா சொல்லிடுங்க. பத்தரை மணி சர்ச்சுக்காவது போறேன். பவுடர் வீணாப் போக வேணாம்” என்றார் டோரீன் அம்மாள்.

கேமராமேன் ஹரிஷ்குமார், கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் கன்னடக்காரன், வானத்தை அண்ணாந்து பார்த்தான். “குரு, மேகம் ஏறுது. இன்னும் அரை மணி நேரந்தான் வெளிச்சம். போன் போட்டுப் பாரு.”

கோதண்டராமனிடம் போன் இல்லை. ஜீவனஹள்ளியில் அவர் வீட்டருகேயுள்ள மளிகைக்கடை எண்ணைத்தான் கொடுத்திருந்தார். பத்ரிநாத் அழைத்தான். கடைக்காரர், “இனிமே படத்துக்கு வர்றதில்லன்னு சொல்லச் சொன்னாருங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அவருக்கு என்னவாயிற்றோ என்று பத்ரிநாத்துக்குத் தோன்றவில்லை. காட்சி போயிற்றே என்றுதான் தோன்றியது. பிற்பாடு பலமுறை அவன் தன்னையே நொந்துகொண்டது அந்த முதல் எண்ணத்துக்காகத்தான்.

படத்தின் கதை எளிது. ஊர்விட்டு ஊர் வந்த ஒருவன் தங்குவதற்கு ஓர் அறை தேடிக் கதவு கதவாகத் தட்டுகிறான். ஊரைக் கேட்கிறார்கள், பாஷையைக் கேட்கிறார்கள், தனியாளா என்கிறார்கள், பிறகு சாத்திவிடுகிறார்கள். இருபது நிமிடம் ஓடும். தீபாவளிக்கு முன் ஒரு திரைப்படக் கழகம் நடத்தவிருந்த போட்டிக்கென்று எழுதியது. பத்ரிநாத்தின் கொள்ளுத்தாத்தா மைசூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர். நான்கு தலைமுறையாக ஒரே வீடு, ஒரே கோயில், ஒரே பால்காரர் குடும்பம். பகலில் மென்பொருள் எழுதி, ஞாயிறு தோறும் சினிமாக் கனவு கண்ட அவனுக்கு அந்நியனின் தனிமை என்னவென்று தெரியாது. தெரியாததனால்தான் அதைப் படமாக்க ஆசைப்பட்டான்.

கோதண்டராமன் குடியாத்தத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பத்ரிநாத்தின் அலுவலகத்தில் தபாலைப் பிரித்து மேசை மேசையாகக் கொடுப்பார். ஐம்பதை நெருங்கும் வயது. யாரேனும் தம்மைப் பெயர் சொல்லி அழைப்பார்களோ என்று காத்திருப்பது போன்ற முகம். அந்த முகத்தை லிப்டில் பார்த்துத்தான் பத்ரிநாத் நடிக்கக் கேட்டான்.

“நானா? இன்னா சார், வெளையாட்றீங்களா?” என்று சிரித்தவர், முதல் நாள் படப்பிடிப்புக்குப் புதுச் சட்டை அணிந்து வந்தார். பழைய சட்டைதான் வேண்டும் என்று பத்ரிநாத் சொன்னபோது, அதற்கும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பத்ரிநாத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. நடிகன் நடிக்கலாகாது, அனுபவிக்கவேண்டும் என்று அவன் எங்கோ படித்திருந்தான். அதனால் குழுவினருக்கு ஒரு விதி வகுத்தான். படம் முடியும்வரை கோதண்டராமனிடம் எவரும் பேசலாகாது. அவருக்கு வேண்டியதை இயக்குநர் மட்டுமே சொல்வான். மற்றவர்கள் தன் மல்லேஸ்வரத்து வீட்டுக் கூடத்தில் வரிசையாக இலை போட்டு உண்ணும்போது, அவருக்கு வெளியே வாசற்படியில் ஒரு பொட்டலம். இந்த விதி அவருக்கு மட்டும் தெரியக்கூடாது, தெரிந்தால் பலிக்காது.

அவன் மனைவி ரமா அடுப்படியிலிருந்தே மறுத்தாள். “எல்லாருக்கும் கூடத்துல இலை, அவருக்கு மட்டும் படியில பொட்டலமா? நன்னாவா இருக்கு?”

“நன்னா இருக்கப்படாதுன்னுதான் சொல்றேன். அவர் முகத்துல அது வரணும்.”

வந்தது. முதல் ஞாயிறு அவர் உள்ளே எட்டிப்பார்த்தார். இரண்டாம் ஞாயிறு பார்க்கவில்லை. மூன்றாம் ஞாயிறு, அவருக்குத் தெரியாமல் ஜன்னல் கம்பிகளுக்கிடையே கேமராவை நுழைத்து ஹரிஷ்குமார் ஒரு ஷாட் எடுத்தான். படியில் ஒரு மனிதர் தனியே அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்து உண்கிறார். உண்டு முடித்துத் தாளை மடித்துக்கொண்டு எழுகிறார். ரமாவின் கை மட்டும் சட்டகத்துக்குள் நீண்டு ஒரு ஜக்கைச் சாய்க்கிறது. நண்பகல் வெயிலில் நீர் வெள்ளிச் சரடாய் இறங்குகிறது. அவர் குனிந்து, தாம் அமர்ந்திருந்த படியை உள்ளங்கையால் துடைத்துவிட்டுப் போகிறார்.

“சும்னே சொல்லல குரு, இந்த ஒரு ஷாட் போதும். பிரைஸ் நம்மளுது” என்றான் ஹரிஷ்குமார். “யாரு சொல்லிக் குடுத்தாங்க அவருக்கு? தானா பண்றாரு பாரு.”

உண்ட இடத்தைத் துடைப்பது பத்ரிநாத் பிறந்தது முதல் தன் வீட்டில் கண்ட ஆசாரம். ஆகவே அதில் அவனுக்கு வியப்பு ஏதும் இல்லை. அழகு மட்டுமே தெரிந்தது. அன்று மாலை ரமா, “அவர் வேற ஏதோ நெனச்சுண்டிருக்கார்னா” என்று தொடங்கினாள்.

“நெனச்சுக்கட்டும். அதுதான் வேணும்” என்று அவளை அத்துடன் நிறுத்திவிட்டான்.

அடுத்த ஞாயிறுதான் அவர் வராமற்போனது.

திங்களன்று அலுவலகத்தில் விசாரித்தபோது, கோதண்டராமன் தாமாகவே கேட்டுக்கொண்டு வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது தெரிந்தது. உடம்பு சரியில்லை போலும் என்று பத்ரிநாத் தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். மாலையில் கணினி முன் அமர்ந்து, எடுத்தவரையில் படத்தைத் தொகுக்கலானான். அந்த ஷாட்டுக்குப் பின்னணியில் இசை சேர்ப்பதாக இருந்ததால், அதுவரை அதை ஒலியில்லாமலே பார்த்து வந்திருந்தான். அன்று காக்கையொலி ஏதேனும் கிடைக்குமா என்று ஒலியைத் திறந்தான்.

கோதண்டராமனின் சட்டைக் காலரில் மாட்டிய சிறு மைக்கை உணவு வேளையில் கழற்ற ஹரிஷ்குமார் மறந்திருந்தான். தாள் பிரியும் சத்தம் முதலில் கேட்டது. உள்ளேயிருந்து சிரிப்பொலி, யாரோ இன்னும் கொஞ்சம் சாத்தமுது ஊற்றச் சொல்லும் குரல். பிறகு நெடுநேரம் ஒருவர் மெல்லுவதும் விழுங்குவதும். பிறகு காலடி. பிறகு கோதண்டராமனின் குரல், மிகவும் தணிந்து:

“அம்மா, நான் சாப்ட்ட எடத்தக் கழுவி வுட்டுட்டுப் போயிடறேன். ஜக்க என் கையில குடுக்க வாணாம். மேல இருந்து ஊத்துங்க, போதும்.”

நீர் விழும் ஓசை.

“நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்கம்மா. எங்கப்பா கூடப் போயி சின்னதுலயே பாத்ததுதான்.”

பத்ரிநாத் மூன்று முறை கேட்டான். மூன்றாம் முறை கேட்கும்போது, இந்தக் குரலையும் சேர்த்துவிட்டால் படம் எங்கோ போய்விடும் என்று உள்ளே ஒரு மூலையில் ஓர் எண்ணம் தலைதூக்கியது. அதைக் கண்டதும் அவன் உடம்பு குன்றிப்போயிற்று. ஐந்து வயதில் தந்தையார் வெங்கடகிருஷ்ணன் மடியில் அமர்ந்து அவன் கற்ற பாசுரங்கள், அடியாரிடத்தில் குலம் பார்ப்பது பெருமாளையே இகழ்வதாகும் என்றன. ஓர் அசை பிறழாமல், முப்பதாண்டுகளாக, நாள்தோறும் சேவித்து வந்திருந்தான். தனிமை என்னும் பொதுப்பெயரை ஒருவர்மேல் சுமத்தப் போய், அவருடைய தந்தையின் முதுகில் ஏறியிருந்த பழஞ்சுமையை எடுத்து மகன் முதுகில் வைத்துவிட்டான். அதை வெயிலுக்கு ஏற்ற கோணத்தில் படமும் பிடித்துவிட்டான்.

ரமா பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“ஜக்கை நான் கையில குடுத்திருக்கணும்” என்றாள்.

“நான்தானே பேசப்படாதுன்னு சொன்னேன்.”

“நீங்க வாயைத்தானே கட்டினேள், கையைக் கட்டலையே. மேலேந்து ஊத்துன்னார், ஊத்தினேன். யோசிக்கவே இல்லை. எத்தனை தலைமுறை பழகின கையோ.”

புதன்கிழமை மாலை பத்ரிநாத் ஜீவனஹள்ளிக்குப் போனான். குறுகிய சந்தில் ஒட்டி ஒட்டி ஒன்பது வீடுகள். கடைசி வீடு கோதண்டராமனுடையது. அவர் “வாங்க சார்” என்று அலுவலகத்தில் எழுவதுபோல எழுந்து, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கார்மென்ட்ஸ் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய அவர் மனைவி அன்னம்மாள், சுவரோரமாகக் காலை நீட்டி அமர்ந்திருந்தாள், எழவில்லை.

பத்ரிநாத் நடந்ததைச் சொன்னான். தன் விதியைச் சொன்னான். “உங்ககூட யாரும் பேசக்கூடாதுன்னு சொன்னது நான்தான். படத்துக்காகச் சொன்னது. ஜாதியெல்லாம் நினைச்சுச் சொல்லலை.”

“படத்துக்குத்தானா?” என்றார் கோதண்டராமன். “அப்ப எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே சார். ஒதுக்கி வக்கிறா மாதிரி பண்ணுவோம், நீ அழுவுன்னு சொல்லியிருந்தா, இத வுட நல்லாவே பண்ணியிருப்பனே.”



“ரெண்டுக்கும் இன்னா சார் வித்தியாசம்?” என்றாள் அன்னம்மாள். “சோறு படியிலதான வந்துச்சு. புதுச் சட்ட போட்டுனு, இந்தச் சந்து பூரா சொல்லிட்டுப் போச்சு இது. திரும்பி வந்தா, இன்னா சாப்ட்டன்னு கேட்டேன். பதிலே இல்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கேட்டேன். மூணாவது வாரம் சொல்லுது, கேக்காத அன்னம்மா, நல்ல சாப்பாடுதான்னு.”

“அந்த ஷாட்டை எடுத்துடறேன்” என்றான் பத்ரிநாத்.

“எடுங்க, வுடுங்க. அது உங்க டேப்பு” என்றார் கோதண்டராமன்.

அன்னம்மாள் எழுந்தாள். “தண்ணிகூடக் குடுக்கலன்னு நெனக்காதீங்க. குடுத்து, நீங்க வாணாம்னுட்டா, அதையும் நாங்கதான் தாங்கணும். அதான் கேக்கல.”

கொடுங்கள் என்று அக்கணமே கேட்டிருக்கவேண்டும். கேட்க நா எழுந்தது. இப்போது கேட்டால் மெய்யாகக் கேட்பதாகத் தோன்றுமா, நாடகமாகத் தோன்றுமா என்று அவன் எடைபோட்டுக்கொண்டிருக்கையிலேயே அவள் உள்ளே போய்விட்டாள்.

சந்தின் முனைவரை கோதண்டராமன் வழியனுப்ப வந்தார். “கடைசில அவனுக்குக் கதவு தெறக்குமா சார்?”

“திறக்கிற மாதிரிதான் எழுதியிருக்கேன்.”

“அதுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க. எனக்கு அந்த மொகம் வராது.”

மறுநாள் பத்ரிநாத் ஹரிஷ்குமாரின் கடைக்குப் போய், அந்த டேப்பைக் கேமராவில் செருகி, லென்சின் மூடியைக் கழற்றாமலே பதிவுப் பொத்தானை அழுத்தினான். மூன்றாம் ஞாயிறு முழுவதும் மெல்ல மெல்லக் கருமையாகிக்கொண்டு வந்தது. கணினியில் இருந்ததை முன்னமே அழித்திருந்தான்.

“லூசா குரு நீ? பிரைஸ அழிக்கிற.”

“அது நம்மளது இல்லை ஹரிஷ்.”

“சரி, இது இல்லாம படம் ஏது?”

“படமே இல்லை.”

ஹரிஷ்குமார் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு டீ சொல்லப் போனான். டேப் ஓடி முடிந்தது. ஆயினும் பத்ரிநாத்தின் நெஞ்சு இலேசாகவில்லை. அழிந்தது படம், நடந்தது அப்படியே இருந்தது.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வேங்கடமுடையானுக்குத் தளிகை சமைத்துப் படைப்பது அவர்கள் குடும்பத்தில் உண்டு. அன்றைய தளிகைக்குச் சொந்த அரிசி மட்டும் ஆகாது. கழுத்தில் துளசி சுற்றிய செம்புக்கு நாமம் இட்டு, குடும்பத் தலைவன் வெறுங்காலோடு போய், “கோவிந்தா” என்று பிறர் வாசலில் நின்று அரிசி யாசிக்கவேண்டும். செல்வம் உடையவனும் அன்று ஒருநாள் இரப்பவன் ஆகவேண்டும் என்பது விதி. ஆனால் காலப்போக்கில் அந்த வாசல்கள் அத்தை வீடு, சித்தப்பா வீடு, மன்னியின் பிறந்தகம் என்று சுருங்கிவிட்டன. தம்மவர் வீட்டு அரிசி தம்மவர் செம்புக்குள் விழுந்து வந்தது. யாசகம் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

வெள்ளியன்று மாலை ரமா செம்பைத் துலக்கிக்கொண்டே கேட்டாள். “நாளைக்கு யாராத்துக்குப் போறேள்? அத்தைக்குச் சொல்லிடட்டுமா?”

“அத்தையாத்துக்கு வேண்டாம்.”

ரமா துலக்குவதை நிறுத்தினாள். பிறகு, “தனியாப் போகாதேங்கோ. நானும் வரேன்” என்றாள்.

சனிக்கிழமைக் காலை. இரவு பெய்த மழையில் சந்து ஈரமாகக் கிடந்தது. திருமண் இட்டு, வேட்டி உடுத்து, வெறுங்காலோடு வந்த பத்ரிநாத்தைப் பார்த்து அங்கே ஒருவரும் திகைக்கவில்லை. அந்தச் சந்திலும் விடியலிலிருந்து கோவிந்தா பாடிப் பலர் வந்து போயிருந்தார்கள். முதல் வீட்டு வாசலைத் தாண்டப் பார்த்தவனை ஒரு குரல் தடுத்தது.

“இன்னா சாமி, பெரிய வூடு தேடினு போறீங்களா? எங்க அரிசி வேவாதா?”

பத்ரிநாத் நாணி நின்றான். அந்த வீட்டில் வாங்கினான். அடுத்த வீட்டிலும் வாங்கினான். எட்டு வாசல்களில் நின்றான். ஒவ்வொரு முறையும் கோவிந்தன் பெயரைச் சொல்ல வாய் திறக்கும்போது குரல் சற்றே கீழிறங்கியது. கடைசி வீட்டின் கதவு சாத்தியிருந்தது.

“கோவிந்தா” என்றான்.

உள்ளே பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டு, நின்றுபோயிற்று. ஆள் இருப்பது தெரிந்தது. திறப்பது மட்டும் நிகழவில்லை. இதையும் ஒரு காட்சியாகத்தான் செய்கிறேனோ என்று அவனுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இல்லை என்று உறுதியாகச் சொல்லிக்கொள்ள அவனால் இயலவில்லை. போய்விடலாமா என்று அவன் கால் பின்னிட்டபோது, ரமா அசையாமல் நின்றாள். அவனும் நின்றான். மறுமுறை கூவவில்லை.

கதவு திறந்தது. கோதண்டராமன் அவன் நெற்றியையும், செம்பையும், ஈரத்தில் நின்ற ரமாவின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா சார் இது?”

“அரிசிக்கு வந்திருக்கேங்க.”

“கடைசி சீனுக்கு நான் வரமாட்டேன். அத மனசுல வச்சினு வந்திருந்தீங்கன்னா...”

“படம் இல்லை. விட்டுட்டேன். வேற எதுக்கும் வரலை.”

அன்னம்மாள் கணவரின் தோளுக்குப் பின்னாலிருந்து ரமாவைப் பார்த்தாள். “வாங்கினு போயி இன்னா பண்ணுவீங்க? எங்க அரிசியத் தனியா வச்சி மாட்டுக்குப் போடுவீங்களா?”

“ஒண்ணாக் கலந்து தளிகை பண்ணுவேம்மா” என்றாள் ரமா. “பெருமாளுக்குக் காட்டிட்டு, நாங்கதான் சாப்பிடப்போறோம். இன்னிக்கு எங்காத்துல வேற சாதம் இல்லை.”

அன்னம்மாள் உள்ளே போனாள். அவள் வரத் தாமதமாயிற்று. முறம் ஒன்றில் அரிசியோடு வந்தவள், “நீயும் புடி” என்றாள். கணவனும் மனைவியுமாக முறத்தைச் சாய்த்தார்கள். செம்பு நிறைந்து, துளசியின்மேல் இரண்டு மணிகள் தங்கி நின்றன.

பத்ரிநாத் செம்பைக் கண்களில் ஒற்றிக்கொண்டு ரமாவிடம் கொடுத்தான். மேல்துண்டை இடுப்பில் கட்டினான். சந்தின் ஈரச் சிமெண்டுத் தரையில், அந்த வாசலுக்கு எதிரே, பெருமாள் சந்நிதியில் விழுவதுபோல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அது கேட்டு வாங்கும் பொருளன்று என்பது அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது. நெற்றித் திருமண் ஈரத்தில் கரைந்து தரையோடு கலந்தது.

“வாணாம் சார், எழுந்திருங்க” என்று பின்வாங்கிய கோதண்டராமனின் கையை அன்னம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“நில்லு. வுழுறவங்க வுழட்டும்.”

அவர் நின்றார். பிறகு, என்ன செய்வதென்று அறியாதவர்போல், வலக்கையைச் சிறிதளவு உயர்த்தினார். அன்னம்மாள்தான் பேசினாள்.

“எழுந்திருங்க. உங்க வூட்ல ஒல எப்பவும் கொதிச்சினே இருக்கட்டும். யாரு வந்தாலும் உள்ள உக்கார எடம் இருக்கட்டும். ரெண்டு பேரும் நல்லா இருங்க.”